நூறு நாடுகள்... பேசியது யார்?

வானொலி என்றால் பெரும்பாலோருக்குப் பாட்டும் செய்தியும் கேட்கும் பெட்டிதான். ஆனால் தேர்வு எழுதி, அரசாங்க உரிமம் பெற்று, வீட்டில் இருந்தபடியே சிற்றலையில் உலகத்தோடு பேசுகிறவர்களும் உண்டு. 'ஹாம்' எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்கள் அவர்கள். இதில் காசு பார்க்கக் கூடாது, பாட்டுப் போடவும் கூடாது. அப்படியானால் விடிய விடியக் கருவியின் முன் உட்கார்ந்திருப்பது எதற்காக?

பலருக்கு இலக்கு ஓர் எண். அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக் என்ற சங்கம் 1937 முதல் 'டிஎக்ஸ்சிசி' என்ற விருதை வழங்குகிறது. குறைந்தது 100 நாடுகளோடு தொடர்பு கொண்டதை உறுதிப்படுத்தினால் சான்றிதழ் கிடைக்கும். பட்டியலில் 340 இடங்கள். இங்கே 'நாடு' என்பதன் கணக்கே வேறு. மலேசியா ஒரே நாடுதான்; பட்டியலில் தீபகற்பம் ஒன்று, சபாவும் சரவாக்கும் சேர்ந்து இன்னொன்று. ஆள் குடியிருக்காத பூவே தீவும் அதில் ஓர் இடம்.

முன்பெல்லாம் இந்த நூறை எட்டச் சிலருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 2017இல் 'எஃப்டி8' என்ற மின்னிலக்க முறை வந்தது. இயற்பியலுக்கான நோபல் பரிசை 1993இல் பகிர்ந்து கொண்ட ஜோசப் டெய்லரும், ஸ்டீவ் ஃபிராங்கும் உருவாக்கியது இது. 15 விநாடிக்கு ஒருவர் என மாறி மாறி அனுப்ப வேண்டும். அழைப்புக் குறியீடு, இருப்பிடம், அலையின் வலு ஆகியவை பரிமாறப்பட்டதும் தொடர்பு முடிந்தது. இரைச்சலில் புதைந்து, காதுக்கே எட்டாத அலையையும் கணினி பிரித்தெடுத்துவிடும்.

வந்த நேரமும் வாய்த்தது. சூரியப் புள்ளிகள் குறைந்து, தூரத்துத் தொடர்பு சிரமமாகிக் கொண்டிருந்த காலம் அது. பெரிய ஆன்டெனா நட இடமில்லாத அடுக்குமாடிவாசிகளுக்கு இந்த முறை ஒரு வரப்பிரசாதம்.

இங்கேதான் சண்டை தொடங்குகிறது. "இரண்டு கணினிகள் பேசிக் கொள்கின்றன, இதில் மனிதனுக்கு என்ன வேலை?" என்பது பழைய தலைமுறையின் குற்றச்சாட்டு. இது முழுக்க நியாயமில்லை. எந்த நேரத்தில் எந்த அலைவரிசை எந்தத் திசைக்குத் திறக்கும் என்பதை எஃப்டி8 பயன்படுத்துகிறவரும் அறிந்திருக்க வேண்டும். குரலை அனுப்ப எஸ்எஸ்பி முறை வந்தபோதும் இது வாத்துக் கத்தல் என்று கேலி செய்தவர்கள் உண்டு. இன்று குரலுக்கு அதுதான் வழக்கமான முறை.

விருது விதியும் சும்மா இல்லை. ஒவ்வொரு தொடர்பையும் இரு பக்கமும் மனிதர்தாம் தொடங்கியிருக்க வேண்டும். ஆளில்லாமல் கணினி தானே சேர்த்தது செல்லாது. யார் வீட்டுக்குள் போய்ச் சோதிப்பது என்பது வேறு விஷயம்!

ஆனால் இன்னொரு குறையை அப்படி ஒதுக்கிவிட முடியாது. நூறு நாடுகளைச் சேர்த்த ஒருவர், ஒரு மனிதரோடும் பேசாமலேயே அதைச் சேர்த்திருக்கலாம்.

2004 டிசம்பரில் இந்தியப் பெண்மணி பாரதி பிரசாத் தம் குழுவோடு அந்தமானிலிருந்து ஒலிபரப்பினார். பல ஆண்டுகள் மௌனமாக இருந்த அந்தமான், விருதுப் பட்டியல்காரர்கள் ஏங்கிக் காத்திருந்த இடம். போனதற்குக் காரணமே அந்த எண் வேட்டைதான். 26ஆம் தேதி காலை நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. தொலைபேசிகள் செயலிழந்தன. அதே கருவிகள் வழியாக, யார் உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி கடல் கடந்து உறவினர்களுக்குப் போனது.

மின்னிலக்கம் பேரிடருக்கு உதவாது என்று பொருளில்லை. 'வின்லிங்க்' முறையில் முழு மின்னஞ்சலையே சிற்றலையில் அனுப்பலாம். எஃப்டி8 அதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதில் சொந்தமாக எதையாவது எழுத விரும்பினால், ஒரு முறைக்கு 13 எழுத்துக்குத்தான் இடம். ஒருவருடைய பெயரையும் ஊரையும் எழுதுவதற்குள் அது தீர்ந்துவிடும்.