மாருதி 800-ல் ஆயில் ஒழுகுதா? இன்ஜினை இறக்குறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க

இந்த வாரம் ஒரு நேயரோட கேள்வியிலிருந்தே ஆரம்பிச்சிடலாம். அப்பா வாங்கின 1999 மாருதி 800 அவர்கிட்ட இருக்கு. ராத்திரி நிறுத்தினா காலையில் தரையில் கறுப்பா ஆயில். அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் கறை, தினமும் புகார். மெக்கானிக் பார்த்துட்டு, "இன்ஜினை இறக்கணும்"னு சொல்லிட்டார். அந்தக் காசுக்கு வண்டியைக் காயலான் கடையில் போட்டுடலாம்னு வீட்ல பேச்சு. என்ன செய்யலாம்னு கேட்கிறார்.

இப்போதைக்குப் போடாதீங்க. ஆயில் எங்கிருந்து வருதுன்னு முதல்ல பார்ப்போம். அது தெரியாம செலவையும் முடிவு பண்ண முடியாது, வண்டியோட தலையெழுத்தையும் முடிவு பண்ண முடியாது.

ஏன் ஒழுகுது?

முதல் மாருதி 800 சாலைக்கு வந்தது 1983 டிசம்பரில். உற்பத்தி நின்றது 2014 ஜனவரியில். அதாவது, கடைசியாக வந்த வண்டிக்கே பத்து வயசு தாண்டியாச்சு. 796 சிசி, மூன்று சிலிண்டர் கொண்ட எளிமையான இன்ஜின் அது. அதன் உலோகப் பாகங்கள் நல்லாவே இருக்கலாம். ஆனால் இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் இருக்கிற பேக்கிங்கும் ஆயில் சீலும் தினமும் சூடாகி, ஆறி, காலப்போக்கில் இறுகிப் போகும். வீட்ல பழைய குக்கர் கேஸ்கெட் விறைச்சுப் போய், ஓரத்தில் ஆவி கசியும் இல்லையா? அதே கதைதான்.

குக்கர்ல இன்னொன்றும் உண்டு. வெயிட் போடுற துளை அடைச்சுக்கிட்டா, ஆவி வேற வழி தேடும். இன்ஜினுக்குள்ளேயும் அழுத்தம் உருவாகும். அதை வெளியேற்ற ஒரு பிரீதர் ஹோஸ், பி.சி.வி. வால்வு என்று ஏற்பாடு இருக்கும். அதில் பிசின் மாதிரி அழுக்கு அடைச்சுக்கிட்டா, புது பேக்கிங் போட்டாலும் அழுத்தம் ஆயிலை வெளியே தள்ளிடும். அதனால் முதல் வேலை, அந்த ஹோஸைக் கழற்றிச் சுத்தம் செய்வது. செலவு கிட்டத்தட்ட பூஜ்யம்.

எங்கே ஒழுகுது?

ஆயில் மேலிருந்து கீழே வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னாடி தள்ளும். அதனால் சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. கீழே படுத்துப் பார்த்துட்டு "சம்ப் போயிடுச்சு"ன்னு சொல்றது அவசர முடிவு.

சரியான முறை இது. இன்ஜின் ஆறினதும் டிஸ்ட்ரிபியூட்டர், ஏர் ஃபில்டர் வாய், மின் இணைப்புகளை பாலித்தீன் கவரால் மூடுங்க. டிக்ரீசர் போட்டு இன்ஜினைக் கழுவிக் காய விடுங்க. கவரை எடுத்துட்டு, சந்தேகப்படுகிற இடங்களில் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவுங்க. பெல்ட், ஏர் ஃபில்டர் பக்கம் மட்டும் வேண்டாம். பதினைந்து நிமிஷம் ஓட்டிட்டு வந்து, டார்ச் அடிச்சு மேலிருந்து கீழே பாருங்க. பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குதோ, அதுதான் இடம். ராத்திரி கீழே ஒரு அட்டையை விரிச்சு வெச்சா, எந்தப் பக்கம் சொட்டுதுன்னும் தெரிஞ்சிடும்.

எதிலிருந்து தொடங்குறது?

எப்பவுமே மேலே இருப்பது, மலிவானது முதலில்.

ஒன்று, டேப்பெட் கவர் பேக்கிங். பழைய வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டிய ஆள் இவர்தான். இதை வீட்டிலேயே மாத்தலாம். இன்ஜின் நன்றாக ஆறியபின் கவரைக் கழற்றி, பழைய பேக்கிங்கைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, இரண்டு பரப்பையும் துடைச்சு, புதுசை உட்கார வைக்கணும். போல்ட்டுகளை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்க. பலம் காட்டினா பேக்கிங் நசுங்கும், கவர் வளையும், மறுபடி ஒழுகும்.

பேக்கிங்குக்குப் பதிலா சிலிக்கான் பேஸ்டை அப்புறது வேண்டாம். உள்பக்கம் பிதுங்கின துண்டு பிய்ந்து, ஆயில் உறிஞ்சுகிற சல்லடையில் போய் அடைக்கும். அப்புறம் இன்ஜினுக்கு ஆயிலே ஏறாது.

இரண்டு, டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள மாடல்களில் அது உட்காரும் இடத்து ஓ-ரிங், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஆயில் ஃபில்டர், டிரெயின் பிளக் வாஷர். எல்லாமே சின்ன சாமான்கள்.

மூன்று, சம்ப். கீழே நுழையணும்னா ஜாக்கை மட்டும் நம்பாதீங்க, ஸ்டாண்டு கட்டாயம்.

நான்கு, டைமிங் பெல்ட் பக்கம் இருக்கிற கேம் சீல், கிராங்க் சீல். இது மெக்கானிக் வேலை. ஆயில் பட்ட பெல்ட் சீக்கிரம் வீணாகும், அதனால் பெல்ட்டையும் சேர்த்தே மாத்திடுங்க.

கடைசியாக, கிராங்கின் பின்பக்க சீல். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டி, கிளட்ச்சும் வழுக்கினா, இதைச் சந்தேகப்படலாம். செலவு இங்கேதான். ஆனால் டேப்பெட் கவரில் இருந்து வழியும் ஆயிலும் இதே இடத்தில் வந்து சொட்டலாம். மேலே இருப்பதைச் சரி பண்ணாம இதில் கை வைக்காதீங்க. கியர்பாக்ஸை இறக்கியே ஆகணும்னா, கிளட்ச்சையும் அப்பவே பார்த்துடுங்க. ஒரே கூலி.

எப்போ ஓட்டவே கூடாது?

டிப்ஸ்டிக்கில் கீழ்க்கோட்டுக்குக் கீழே ஆயில் இருந்தால் ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், ஓரமா நிறுத்தி உடனே ஆஃப் பண்ணுங்க. "வீடு இதோ பக்கத்துலதான்"னு ஓட்டினா இன்ஜின் பிடிச்சுக்கும். சூடான சைலன்சர் மேனிஃபோல்டு மேல் ஆயில் விழுந்து புகை வந்தாலும் தள்ளிப் போடாதீங்க, அது தீப்பிடிக்கிற விஷயம்.

கசிவை நிறுத்துற திரவம்னு கடையில் கிடைக்கும். இறுகின ரப்பரைக் கொஞ்சம் ஊத வைக்கும், அவ்வளவுதான். கிழிந்ததை ஒட்டாது.

இப்போ நம்ம நேயருக்கு

மெக்கானிக்கிட்ட சண்டை வேண்டாம். "அண்ணே, கழுவிட்டு ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்போம், எந்த இடம்னு காட்டுங்க"ன்னு கேளுங்க. நல்ல மெக்கானிக் சந்தோஷமா காட்டுவார். கூடவே கம்ப்ரஷன் டெஸ்ட்டும் எடுக்கச் சொல்லுங்க. ஆயில் ஊத்துற மூடியைத் திறந்தா புகை குபுகுபுன்னு தள்ளுது, கம்ப்ரஷனும் குறைவு என்றால், ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போ அவர் சொன்ன இன்ஜின் வேலை நியாயம்தான், உட்கார்ந்து கணக்குப் போடலாம். கம்ப்ரஷன் சரியா இருந்தா, சில பேக்கிங்குக்காக அப்பா வண்டியை எடை போட்டு விற்கத் தேவையில்லை.

ஒரு வேண்டுகோள். வடிச்ச ஆயிலைச் சாக்கடையில் ஊத்தாதீங்க. கேன்ல பிடிச்சு, பழைய ஆயில் வாங்குகிற ஒர்க்‌ஷாப்பில் கொடுங்க.

அட்டையில் எந்தப் பக்கம் சொட்டுச்சுன்னு போட்டோ எடுத்து அனுப்புங்க, அடுத்த எபிசோடில் பேசுவோம்.