ஜெபம் பண்ணவே தோணலையா? அதுவும் போராட்டம்தான்!

'ஆவிக்குரிய யுத்தம்'னு சொன்னாலே பேய் ஓட்டுறதுதான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனா, பைபிளில் அதைப் பற்றிப் பேசும் எபேசியர் 6-ம் அதிகாரத்தைப் பொறுமையா வாசிச்சுப் பாருங்க. கச்சை, மார்க்கவசம், பாதரட்சை, கேடகம், தலைச்சீரா, பட்டயம்... இந்த ஆறில் தாக்குற ஆயுதம் பட்டயம் ஒண்ணுதான். திரும்பத் திரும்ப வரும் கட்டளையும் 'பாய்ந்து அடி' இல்லை, 'நில்' என்பதுதான்.

அப்படி நின்றவர் அன்னை தெரசா. எப்பவும் சிரிச்ச முகமாத்தானே பார்த்திருக்கோம்? 2007-ல் வெளியான அவருடைய கடிதங்கள் பலரையும் அதிரவெச்சது. கொல்கத்தாவில் ஏழைகளுக்கான பணியைத் தொடங்கின காலத்திலிருந்தே, கடவுள் தன்கூட இருக்கிற உணர்வே இல்லைனு குருக்களுக்கு எழுதியிருக்கார். நடுவுல கொஞ்ச நாள் தவிர, கிட்டத்தட்ட 50 வருஷம் இதே இருட்டு! 1979-ல் நோபல் பரிசு வாங்கினப்பவும் அப்படித்தான். கடிதங்களை அழிச்சிடுங்கன்னு கேட்டும் பார்த்தார். நல்லவேளை, எல்லாமே அழிஞ்சு போயிடலை.

1960-களின் தொடக்கத்தில் இதை அவர் மனசுவிட்டுச் சொன்னது ஜோசப் நாய்னர் என்ற இயேசு சபை குருவிடம். 'உங்க பக்கம் தப்பில்லை. கடவுளுக்காக இவ்வளவு ஏங்குறீங்களே, அந்த ஏக்கமே அவர் உள்ளே இருக்கிறதுக்கு அடையாளம்' என்ற அர்த்தத்தில் விளக்கினார் அவர். அதுக்கப்புறமும் இருட்டு விலகலை. ஆனா, அதோட சண்டை போடுறதை தெரசா விட்டுட்டார். விடியற்காலை ஜெபம், திருப்பலி, பிறகு தெருவோர நோயாளிகள்னு 1997 வரை அவர் நாள்கள் போச்சு.