பரண்ல தூங்குற சிங்கர் மெஷினை எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி...

பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது பரண்ல இருந்து என்னவெல்லாம் இறங்கும்? ஓட்டை அண்டா, கை ஒடிஞ்ச மர பொம்மை, யாருடையதுன்னே தெரியாத கல்யாண ஆல்பம். கூடவே, பல வீடுகள்ல, மூடி வளைஞ்ச ஒரு மரப்பெட்டியும் இறங்கும். திறந்தா உள்ளே கறுப்பு உடம்பு, தங்க நிறப் பூ வேலைப்பாடு, இடுப்பில் ஒரு பித்தளை வில்லை. பாட்டி காலத்து சிங்கர் தையல் மெஷின்!

அடுத்த அஞ்சு நிமிஷத்துல வீட்டுல ரெண்டு கட்சி உருவாகிடும். 'துருப்பிடிச்ச இரும்பு, எடைக்குப் போடு'ன்னு ஒண்ணு. 'இது லட்சக்கணக்குல போகுமாம், யூடியூப்ல பார்த்தேன்'னு இன்னொண்ணு. ரெண்டுமே தப்பு.

எங்க வீட்டுல முதல் கட்சி ஜெயிச்சுது. காரைக்குடி பக்கத்துல இருந்த அப்பத்தா வீட்டைக் காலி பண்ணினப்போ, அவங்க கால் மெஷினைப் பழைய இரும்புக்காரர்கிட்ட கொடுத்தோம். சக்கரம் சுத்தினா சுத்தும், ஆனா ஊசி மேலேயும் போகாது, கீழேயும் வராது. 'உள்ளே ஏதோ உடைஞ்சிருக்கு'ன்னு முடிவு பண்ணிட்டோம். வாசல்லயே இரும்புக் காலைத் தனியா, மெஷின் தலையைத் தனியா கழட்டித்தான் எடை போட்டார். அந்த மெஷின்ல என்ன பழுதுன்னு இந்தக் கட்டுரைக்காகப் படிச்சப்போதான் எனக்குப் புரிஞ்சுது. அதைக் கொஞ்சம் கழிச்சுச் சொல்றேன்.

செட்டிநாட்டுக்கு எப்படி வந்துச்சு?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல நடந்தா பழம்பொருள் கடைகள் வரிசையா இருக்கும். எனாமல் பாத்திரம், பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா அச்சுப் படம், சாவி கொடுக்குற கடிகாரம், தேக்குத் தூண். பர்மா, மலேயா, இலங்கைன்னு கொண்டுவிற்கப் போன நகரத்தார் குடும்பங்கள் கப்பல்ல கொண்டுவந்து சேர்த்தவை பல. பெரிய வீட்டுல கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு புள்ளி, ஒரு அறை. பொண்ணுக்குக் கொடுத்த சீர் சாமானெல்லாம் அந்த அறைக்குள்ள. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடிச்சதும் வந்த வேகத்துல வரவு நின்னுபோச்சு. பிறகு வீட்டுக்குப் பத்துப் பங்கு, இருபது பங்குன்னு ஆனப்போ, அறைக்குள்ள இருந்தது தெருவுக்கு வந்துச்சு.

அந்தத் தெருவுக்கு வர்ற பொருள்கள்லேயே தையல் மெஷினுக்கு மட்டும் ஒரு தனி குணம். எனாமல் தூக்கை அலமாரியில வைக்கலாம், பார்க்கலாம், அவ்வளவுதான். மெஷினை ஓட்டலாம்.

ஐசக் சிங்கர் அமெரிக்காவுல காப்புரிமை வாங்கினது 1851-ல். சாமர்த்தியம் மெஷின்ல மட்டும் இல்லை. 1850-களிலேயே தவணையில விக்க ஆரம்பிச்சாங்க. 'இப்போ எடுத்துட்டுப் போங்க, மாசாமாசம் கட்டுங்க'. நம்ம ஊர் தவணைக்காரர்களுக்கெல்லாம் மூதாதை! 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், நஸர்வான்ஜி மெர்வான்ஜி படேல் என்ற பார்சி பிரதிநிதி இந்தியா, இலங்கை, பர்மா மூணுலயும் சிங்கர் வியாபாரத்தைக் கொண்டுபோனார். கவனிச்சீங்களா? மூணுமே செட்டியார்கள் புழங்கின ஊர்கள்.

இயந்திரங்களை அவ்வளவா விரும்பாத காந்தியே இதுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார். 1924-ல் நடந்த ஓர் உரையாடல்ல, மனைவி கையால தைச்சுக் கஷ்டப்படுறதைப் பார்த்து சிங்கர் இதைக் கண்டுபிடிச்சார்னு சொல்லி, அதுல அன்பு இருக்குன்னு பாராட்டினார். (நிஜ சிங்கரோட குடும்ப வாழ்க்கையைப் படிச்சா அவ்வளவு அன்பு தெரியாது. அது வேற கதை.)

லட்சக்கணக்குல போகுமா?

போகாது. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லணும், ஏன்னா பணம் போன கதைகள் இருக்கு.

2009 ஏப்ரல்ல சவுதி அரேபியாவுல ஒரு வதந்தி கிளம்புச்சு. பழைய சிங்கர் மெஷினுக்குள்ள 'ரெட் மெர்குரி', அதாவது சிவப்புப் பாதரசம் இருக்கு, அது புதையல் காட்டும், பேய் ஓட்டும், அணுகுண்டு செய்யவும் உதவும்னு. ஊசிக்குப் பக்கத்துல செல்போனைக் கொண்டுபோனா லைன் கட்டானா, 'சரக்கு' இருக்குன்னு அர்த்தமாம். சாதாரண மெஷினை 2 லட்சம் ரியால் வரைக்கும் விலை பேசினதா செய்திகள் வந்துச்சு. கடைசியில போலீஸ் விசாரணை வரைக்கும் போச்சு.

அப்படி ஒரு பொருள் இருக்குறதா இதுவரை யாரும் நிரூபிக்கலை. தையல் மெஷின்ல எந்த வகைப் பாதரசத்துக்கும் வேலையே இல்லை. உள்ளே இருக்குறது வார்ப்பிரும்பும் எஃகும், கொஞ்சம் பழைய எண்ணெயும்தான். அரிசியை இழுக்கும் கலசம்னு 'ரைஸ் புல்லிங்' கோஷ்டிகள் நம்ம ஊர்ல ஏமாத்துறாங்களே, அதே குடும்பத்துக் கதைதான் இதுவும். 'அட்வான்ஸ் கொடுங்க, டெஸ்ட் பண்ண ஆள் வரணும், அவர் செலவுக்குப் பணம் வேணும்'னு யாராவது ஆரம்பிச்சா, போனை வெச்சிடுங்க.

வதந்தியை விட்டுட்டுப் பார்த்தாலும் பழசுங்கிறதாலேயே அது அபூர்வம் ஆகிடாது. ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க்ல இருந்த சிங்கர் ஆலையிலிருந்து 1913-ல் மட்டும் வெளியே போனது சுமார் 13 லட்சம் மெஷின். ஒரே வருஷத்துல! பிரிட்டன்ல ஒரு துணிக்கடை நிறுவனம் தன் கடைகளோட ஜன்னல் முழுக்கப் பழைய தையல் மெஷினா அடுக்கி அலங்காரம் பண்ணினாங்க. ஆயிரக்கணக்குல கிடைச்சதாலதான் அது முடிஞ்சுது.

அப்போ சேகரிக்கிறவங்க எதைத் தேடுறாங்க? வயலின் மாதிரி இடுப்பு ஒடுங்கின அடித்தட்டு இருந்தா, அது 'நியூ ஃபேமிலி'ன்னு சொல்ற 19-ஆம் நூற்றாண்டு மாடலா இருக்கலாம். கறுப்பு உடம்பில் எகிப்து ஸ்ஃபிங்ஸ் உருவம் இருந்தா கண் விரியும். ஆனா அவங்க முதல்ல பார்க்குறது தங்கப் பூ வேலை எவ்வளவு தேயாம இருக்குங்கிறதையும், எல்லா பாகமும் அசலா இருக்கான்னும்தான்.

உங்க மெஷினோட வயசைக் கண்டுபிடிக்கிறது ஈஸி. வலது பக்கம், தூண் நிக்கிற அடித்தட்டுல ஒரு எண் பொறிச்சிருக்கும். எழுத்தே இல்லாம வெறும் எண்ணா இருந்தா 1900-க்கு முந்தினது. முன்னாடி ஓர் எழுத்து இருந்தா 1900-க்குப் பிறகு. 'ஈ'ன்னு ஆரம்பிக்கிற ரெண்டு ஆங்கில எழுத்து இருந்தா, 1930-களின் நடுவிலிருந்து கிளைட்பேங்க்ல செஞ்சது. மாடல் எண்ணுக்குப் பின்னாடி வர்ற 'கே'யும் அதே ஆலையைத்தான் குறிக்குது, ஆலை இருந்த கில்போவிங்கிற இடத்தோட முதல் எழுத்து. அந்த ஆலை 1980-ல் மூடப்பட்டுச்சு. எண்ணை வெச்சு வருஷம் பார்க்குற பட்டியல்கள் இணையத்துல இருக்கு.

ஜாம் ஆன மெஷினை எழுப்புறது எப்படி?

காரைக்குடியில துரு பத்தி ஆராய்ச்சி பண்ணவே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துல ஆள் இருக்காங்க. நமக்கு அவ்வளவு தேவைப்படாது. ஏன்னா, சுத்தாத மெஷின்ல பல நேரம் வில்லன் துருவே இல்லை, எண்ணெய்தான்!

மெஷின் ஆயில் இல்லாத நேரத்துல, கையில கிடைச்ச தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ விட்டிருப்பாங்க. தாவர எண்ணெய் வருஷக்கணக்குல காத்துபட்டு, தூசியோட சேர்ந்து பிசினா இறுகிடும். அந்தப் பிசின்தான் தண்டுகளைப் பிடிச்சு வெச்சிருக்கு.

அதனால முதல் விதி: பலம் காட்டாதீங்க. சக்கரத்தை ரெண்டு கையாலயும் முறுக்கினா, நல்லா இருக்குற பாகம் உடையும். உலோகம் உலோகத்தோட உரசுற ஒவ்வொரு இடத்துலயும், உடம்புல இருக்குற ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலயும், ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விடுங்க. மெஷினைச் சாய்ச்சு அடிப்பக்கமும் விடுங்க. ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில சக்கரத்தை மெதுவா, ஒரு விரல் அளவு முன்னும் பின்னும் அசைச்சுப் பாருங்க. அசையலைன்னா மறுபடி ரெண்டு சொட்டு, இன்னொரு ராத்திரி. சிலது ஒரு வாரம் எடுத்துக்கும். இளகினதும் கறுப்பா வழியுற அழுக்கைத் துணியால துடைச்சு எடுத்துட்டு, மெஷின் ஆயில் விடுங்க. மண்ணெண்ணெய் கழுவத்தான், வழுக்க விடாது. (வேலை பார்க்குற இடத்துல அடுப்போ விளக்கோ வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும்.)

சக்கரம் முக்கால் சுத்து வந்து 'டக்'குனு நிக்குதா? அடித்தட்டுக்குக் கீழே ஷட்டில் பக்கம் பாருங்க. ஐம்பது வருஷத்துக்கு முந்தின நூல் துணுக்கு அங்கே சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். சின்ன இடுக்கியால எடுத்தா போதும்.

இப்போ அப்பத்தா மெஷினுக்கு வருவோம். சக்கரம் சுத்துது, ஊசி அசையலை. சக்கரத்தோட நடுவுல ஒரு சின்ன திருகு வட்டு இருக்கும். பாபின்ல நூல் சுத்தும்போது ஊசி சும்மா ஆடக் கூடாதுங்கிறதுக்காக அதைத் தளர்த்துவாங்க. சுத்தி முடிச்சதும் இறுக்கணும். அப்பத்தா கடைசியா பாபின் சுத்திட்டு, அதை இறுக்காம எழுந்து போயிருக்காங்க. அவ்வளவுதான் பழுது. நாங்க அதை கிலோ கணக்குல வித்தோம்.

(இறுக்கியும் பிடிக்கலைன்னா, வட்டைக் கழட்டி உள்ளே இருக்குற வாஷரை அரை வட்டம் திருப்பிப் போட்டுப் பாருங்க. தப்பான பக்கம் மாட்டியிருந்தாலும் இதே கதைதான்.)

மெருகு ஏத்துறேன்னு செய்யுற தப்புகள் தனி. தங்கப் பூ வேலை, கறுப்புப் பூச்சுக்கு மேலே ஒட்டின மெல்லிய படம். அதுக்கு மேலே அரக்கு மாதிரி ஒரு மெருகுப் பூச்சு. சானிடைசர், ஸ்பிரிட் எதைத் தொட்டாலும் அந்த மெருகு வெளுத்துக் கரையும், பின்னாடியே பூவும் போயிடும். சோப்புத் தண்ணி, ஸ்கிரப்பர் நினைக்கவே வேண்டாம். பஞ்சுல மெஷின் ஆயிலைத் தொட்டு மெல்லத் துடைச்சாலே அழுக்கு எழும்பி வரும். புதுசா ஸ்பிரே பெயின்ட் அடிச்ச மெஷினை சேகரிக்கிறவங்க திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க.

பாகம் கிடைக்குமா?

அது எந்த மெஷின்ங்கிறதைப் பொறுத்தது. அடித்தட்டுல இருக்குற சறுக்குத் தகட்டை நகர்த்திப் பாருங்க. வட்டமான பாபின் இருந்தா, அநேகமா 15 வகை. அப்படின்னா கவலையே வேண்டாம். உஷா, மெரிட்னு நம்ம ஊர்ல ஓடுற கறுப்பு மெஷின்கள்ல பெரும்பாலானவை அதே குடும்பம். பாபின் கேஸ், ஊசி, தோல் பெல்ட் எல்லாம் தையல் சாமான் கடையிலயே கிடைக்கும்.

படகு மாதிரி நீளமான ஷட்டிலும், அதுக்குள்ள குச்சி மாதிரி ஒல்லியான பாபினும் இருந்தா, அது அதைவிடப் பழைய அமைப்பு. அந்த ஷட்டில் தொலைஞ்சிருந்தா தேட அலையணும். மெஷினை எடுத்த பெட்டியிலயே, டிராயர்லயே, கீழே விழுந்த பொத்தான்களுக்கு நடுவுலயே முதல்ல தேடுங்க. வயலின் வடிவ பழைய மாடலுக்கு ஊசியே வேற. இன்னிக்குக் கடையில இருக்குற ஊசி பொருந்தாது. அதை அழகுக்கு வெச்சுக்கலாம்.

ஊசி மாட்டும்போது ஒரு விஷயம். ஊசியில நீளமா ஒரு பள்ளம் இருக்கும். நூல் உள்ளே போகுற பக்கம் அந்தப் பள்ளம் இருக்கணும். மெஷினுக்கு மெஷின் அது இடமா வலமான்னு மாறும். 'நூல் அறுந்துக்கிட்டே இருக்கு, தையல் விட்டுப்போகுது'ன்னு மெக்கானிக்கைத் தேடுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. மோட்டார் வெச்ச மெஷினா இருந்தா மட்டும், பழைய வயரோட பிளக்கைச் சொருகவே கூடாது. எலெக்ட்ரீஷியன் வயரை மாத்தட்டும். அமெரிக்காவுல இருந்து வந்ததுன்னா வோல்டேஜையும் பார்க்கச் சொல்லுங்க.

விக்கிறதுன்னே முடிவு பண்ணினாலும் முழுசா வில்லுங்க. இரும்புக் காலுக்கு நல்ல கிராக்கி. மேலே ஒரு கிரானைட் பலகையைப் போட்டு கஃபே மேஜை ஆக்கிடுறாங்க, வாஷ்பேசின் வைக்கிறாங்க. பார்க்க அழகாத்தான் இருக்கு. ஆனா தலையை யாரும் கேக்குறதில்லை, அது நேரா இரும்புக் குவியலுக்குப் போகுது. காலும் தலையும் பிரிஞ்ச மெஷினை மறுபடி சேர்க்கிறவங்க அபூர்வம். 'கால் மட்டும் போதும்'னு கேக்குறவர்கிட்ட, தலையைக் கை மெஷினா மாத்திக்கலாம்கிறதை ஞாபகம் வெச்சுப் பேசுங்க. சக்கரத்துல கைப்பிடி மாட்டுற பாகம் தனியாவே விக்குது.

சரி, ராத்திரி ஊறவெச்சு, துடைச்சு, எண்ணெய் விட்டாச்சு. உடனே புது ஜாக்கெட் துணியை வெச்சுடாதீங்க. நூலே கோக்காம, பழைய வேட்டித் துண்டை மடிச்சு வெச்சு, சக்கரத்தை உங்க பக்கமா சுத்தி ஒரு கால் மணி நேரம் ஓட்டுங்க. ஊசித் தண்டு வழியா கறுப்பு எண்ணெய் சொட்டிக்கிட்டே இருக்கும். வேட்டித் துண்டுல கறை விழுறது நின்ன பிறகு நூலைக் கோங்க.