சாளரத்துக்கு ஓர் அளவு, சுவருக்கு ஓர் அளவு

வெயில் நேரே விழும் வண்ணக் கண்ணாடிச் சாளரமும் அதன் அருகே இருண்டு கிடக்கும் மரக்கூரையும் ஒரே சட்டகத்துக்குள் வரும்போது, சாளரத்துக்கு அளவாக ஒளியை உள்ளே விட்டால் கூரை கறுத்துப்போகிறது. கூரைக்கு அளவாக விட்டால் சாளரம் வெளுத்துப்போகிறது. ஒரு காட்சியின் மிக இருண்ட பகுதிக்கும் மிக ஒளிர்ந்த பகுதிக்கும் இடையிலுள்ள விகிதம் ஒளிவீச்சு எனப்படும். ஒளி இருமடங்காகும் ஒவ்வொரு படியையும் புகைப்படக் கலைஞர்கள் ஒரு ஸ்டாப் என்று கணக்கிடுவர். இந்த வீச்சு கேமராவின் கொள்திறனை மிஞ்சும்போது, ஒரே காட்சியை வெவ்வேறு ஒளியளவுகளில் பலமுறை எடுத்துப் பின்னர் ஒன்றாக இணைக்கும் முறையே உயர் ஒளிவீச்சுப் படம், அதாவது எச்.டி.ஆர்.

இத்துறையில் அடிப்படையாகக் கருதப்படும் ஆய்வுக் கட்டுரையை பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் 1997இல் வெளியிட்டனர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலுள்ள நினைவுத் தேவாலயத்தின் உட்புறத்தை, ஒளியை உள்ளே விடும் நேரத்தை 30 நொடியிலிருந்து ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை, ஒவ்வொரு ஸ்டாப்பாகக் குறைத்து எடுத்த 16 படங்கள் அதில் இடம்பெற்றன. அவற்றை ஒப்பிட்டு, ஒவ்வொரு படப்புள்ளியிலும் உண்மையில் எவ்வளவு ஒளி விழுந்தது என்பதைக் கணிப்பொறியே கணக்கிட்டுவிட முடியும் என்பது அவர்கள் காட்டிய வழி. அந்தத் தேவாலயப் படம் அதன்பின் வந்த பல ஆய்வுகளுக்குச் சோதனைப் படமாக விளங்கியது.

ஆயினும் இவ்வளவு ஒளியையும் சேகரித்துவிட்டால் மட்டும் படம் உருவாகிவிடுவதில்லை. சாதாரணத் திரையோ அச்சுத் தாளோ அந்த வீச்சில் ஒரு சிறு பகுதியைத்தான் காட்டவல்லது என்பதால், விரிந்து கிடக்கும் ஒளியளவுகளைச் சுருக்கியாக வேண்டும். இதைத் தொனிச் சுருக்கம் எனலாம். படம் முழுவதற்கும் ஒரே விதியைப் பயன்படுத்திச் சுருக்கினால் எல்லாம் சப்பென்று சாம்பல் பூத்துவிடுகிறது. ஒவ்வொரு பகுதியையும் அதன் சுற்றுப்புறத்தோடு ஒப்பிட்டுத் தானாகச் சுருக்கும் முறைகள் 2002ஆம் ஆண்டையொட்டி அடுத்தடுத்து வந்து, நுண்விவரங்களைக் காப்பாற்றின. எனினும் படத்தில் எது முக்கியம் என்பது எந்தக் கணக்குக்கும் தெரியாது. சாளரத்தின் நீலம் ஆழ்ந்திருக்க வேண்டுமா, தூணின் செதுக்கல் துலங்க வேண்டுமா, கூரை இருளிலேயே இருக்கட்டுமா என்பவை படம் எடுத்தவர் தீர்மானிக்க வேண்டியவை. அந்தத் தீர்மானத்தை அவர் கையில் திரும்பக் கொடுப்பதற்கே பகுதிவாரித் திருத்த மென்பொருள்கள் தோன்றின.

இந்தத் தேவை டிஜிட்டல் காலத்தில் பிறந்ததன்று. ஃபிரான்சில் கஸ்தாவ் லெ கிரே 1850களிலேயே வானத்துக்கு ஒரு நெகட்டிவும் கடலுக்கு ஒரு நெகட்டிவும் பயன்படுத்தி ஒரே படமாக அச்சிட்டார். இருட்டறையில் அச்சிடும்போது, கம்பியில் கட்டிய சிறு அட்டையை ஒளியின் குறுக்கே பிடித்து ஓரிடத்தை வெளிறவைப்பதும், துளையிட்ட அட்டை வழியே கூடுதல் ஒளி விட்டு மற்றோரிடத்தைக் கருமையாக்குவதும் அச்சுக் கலைஞர்களின் அன்றாட வேலையாக இருந்தன. 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் சிற்றூரில் நிலவெழும் காட்சியை எடுத்த ஆன்சல் ஆடம்ஸ், 1948இல் அந்த நெகட்டிவின் கீழ்ப்பகுதியை மட்டும் வேதிமுறையில் வலுவூட்டினார். பின்னாளில் எடுத்த அச்சுகளில் வானத்தை மேலும் மேலும் இருளச் செய்தார். அப்படத்தின் மாட்சியில் பெரும்பங்கு, கேமரா மூடிய பின்னர் நடந்த இந்த உழைப்பைச் சேர்ந்தது என்றால் அது மிகையன்று.

கணிப்பொறியில் இதே வேலையைச் செய்வதில் ஓர் இடர் இருந்தது. திருத்தவேண்டிய பகுதியைத் துல்லியமாகக் கோடு வரைந்து பிரித்தாக வேண்டும். மரக்கிளைகளுக்கு இடையே தெரியும் வானத்தை அவ்வாறு பிரிப்பது பொறுமையைச் சோதிக்கும். ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் டானி லிஷின்ஸ்கி, மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் ரிச்சர்ட் ஸெலிஸ்கி முதலிய நால்வர் 2006இல் இதற்கு அழகான தீர்வொன்றை முன்வைத்தனர். வானத்தில் ஒரு கிறுக்கல், சுவரில் ஒரு கிறுக்கல் என்று பயனர் தூரிகையால் தோராயமாகத் தீட்டி, அங்கங்கே வேண்டிய ஒளியளவைச் சொன்னால் போதும். மீதியை மென்பொருள் பரப்பிக்கொள்ளும். பக்கத்துப் பக்கத்துப் படப்புள்ளிகள் ஒத்த ஒளியுடையவையாக இருந்தால் அவற்றுக்கு ஒத்த திருத்தமே கிடைக்க வேண்டும், ஒளி சட்டென்று மாறும் விளிம்பில் மட்டுமே திருத்தமும் மாறலாம் என்ற நிபந்தனையை எல்லாப் புள்ளிகளுக்கும் சேர்த்துச் சமன்பாடுகளாக எழுதித் தீர்ப்பதே அதன் உள்ளியக்கம். வரப்பு வரை பாய்ந்து அங்கே நின்றுவிடும் வயல் நீரைப் போலத் திருத்தம் விளிம்பில் நிற்கிறது.

இதே நோக்கத்தை வேறு வழியில் அடைந்தது ஜெர்மனியில் தோன்றிய நிக் சாஃப்ட்வேர் நிறுவனம். அதன் கட்டுப்பாட்டுப் புள்ளி என்னும் உத்தி 2006இல் நிகானின் கேப்சர் என்.எக்ஸ். மென்பொருளில் வெளிவந்தது, 2010இல் அந்நிறுவனத்தின் எச்.டி.ஆர். எஃபெக்ஸ் புரோ அதை உயர் ஒளிவீச்சுப் படங்களுக்குக் கொண்டுவந்தது. பயனர் ஓரிடத்தில் புள்ளி வைத்து, அதன் எல்லையாக ஒரு வட்டத்தின் அளவைக் குறிப்பிடுகிறார். வட்டத்துக்குள் அந்த இடத்தின் நிறத்தையும் ஒளியையும் ஒத்த பகுதிகளை மென்பொருளே இனங்கண்டு, அவற்றை மட்டும் மாற்றுகிறது. கைப்பேசியில் ஸ்னாப்சீடு செயலியைப் பயன்படுத்துவோர் அதன் செலக்டிவ் கருவியில் இதே உத்தியைக் காணலாம். 2012இல் கூகுள் வாங்கிய நிக் மென்பொருள் தொகுப்பு, 2017இல் ஃபிரான்சின் டி.எக்ஸ்.ஓ. நிறுவனத்திடம் சென்றது.

சாதாரண ஜேபெக் படத்திலும் இக்கருவிகள் வேலை செய்யும்; ஆனால் அங்கே ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளே இருப்பதால், இருண்ட பகுதியை வலிந்து வெளுக்கும்போது விவரத்துக்குப் பதில் புள்ளிப்புள்ளியான இரைச்சலும் பட்டை பட்டையான கறையுமே மேலெழுகின்றன. இணைக்கப்பட்ட எச்.டி.ஆர். கோப்பில் அந்த இருளுக்கென்றே எடுத்த படத்தின் உண்மைத் தகவல் இருக்கிறது. அடோபி லைட்ரூம் 6, 2015இல் படங்களை இணைக்கும் வசதியைச் சேர்த்தபோது, இணைத்த கோப்புக்கு ஒளியளவை 10 ஸ்டாப் வரை கூட்டவோ குறைக்கவோ இடமளித்தது இதனால்தான்.

வசதி பெருகியதோடு ஒரு கேடும் பெருகியிருக்கிறது. திருத்தத்தின் எல்லை விளிம்பைத் தாண்டிக் கசியும்போது, வானத்தை முட்டும் கட்டடத்தைச் சுற்றி வெளிறிய வளையம் படர்கிறது. இதை ஹாலோ என்பர். இதைவிடப் பெரிய பிழை, எல்லாப் பகுதிகளையும் ஒரேயளவு வெளிச்சமாக்கிவிடுவது. சுவரைவிடச் சாளரம் ஒளிர்ந்திருப்பதும், நிழல் தன்னைச் சுற்றியுள்ள இடத்தைவிட இருண்டிருப்பதும் பார்ப்பவரின் கண் எதிர்பார்க்கும் உண்மைகள். அவை குலைந்த படம் எத்தனை விவரம் காட்டினாலும் நம்பத்தக்கதாக இராது. பகுதிவாரித் திருத்தத்தின் தரம், எத்தனை இடங்கள் மாற்றப்பட்டன என்பதைவிட, எவை தொடாமல் விடப்பட்டன என்பதிலேயே பெரிதும் தெரிகிறது.

இக்கலையைக் கற்கப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. ஒளியளவை வைத்தே பகுதியைப் பிரிக்கும் வசதியும் கையால் வரைந்து பிரிக்கும் வசதியும் கொண்ட டார்க்டேபிள் இலவசமாகக் கிடைக்கும் திறமூல மென்பொருள். தொடங்க விரும்புவோர் கேமராவை முக்காலியில் நிறுத்தி, இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படங்களை ரா வடிவில், அதாவது கேமரா பதிவு செய்தபடியே சுருக்காத கோப்பாக, எடுத்து இணைத்து, முதலில் ஓர் இடத்தை மட்டும் திருத்திப் பார்க்கலாம்.