மறுசேர்க்கை மனித இன்சுலின்

மறுசேர்க்கை மனித இன்சுலின் என்பது, மனித இன்சுலினுக்குரிய மரபணுச் செய்தியை பாக்டீரியா அல்லது ஈஸ்ட் உயிரணுவுக்குள் செலுத்தி, அவ்வுயிரணுக்களைக் கொண்டு உருவாக்கப்படும் புரதம் ஆகும். கணையம் சுரக்கும் இன்சுலினுக்கும் இதற்கும் அமினோ அமில வரிசையில் வேறுபாடு இல்லை. இது நீரிழிவு நோய்க்கு மருந்தாகவும், ஆய்வகங்களில் உயிரணு வளர்ப்புக்கும் பயன்படுகிறது. மறுசேர்க்கை டி.என்.ஏ. முறையில் உருவாகி மனிதப் பயன்பாட்டுக்கு ஒப்புதல் பெற்ற முதல் மருந்து இதுவே.

அமைப்பு

இன்சுலின் 51 அமினோ அமிலங்களால் ஆனது. 21 அமினோ அமிலங்கள் கொண்ட ஏ சங்கிலியும் 30 கொண்ட பி சங்கிலியும் இரண்டு கந்தகப் பிணைப்புகளால் இணைக்கப்பட்டுள்ளன. ஏ சங்கிலிக்குள்ளேயே மூன்றாவது பிணைப்பு ஒன்று உண்டு. பன்றி இன்சுலின் ஓர் அமினோ அமிலத்தாலும், மாட்டு இன்சுலின் மூன்று அமினோ அமிலங்களாலும் மனித இன்சுலினிலிருந்து வேறுபடுகின்றன.

வரலாறு

1921 ஆம் ஆண்டில் கனடாவின் டொராண்டோ நகரில் பிரடெரிக் பான்டிங், சார்லசு பெஸ்ட் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். அதற்கு முன்னர் முதல் வகை நீரிழிவு கண்ட குழந்தைகள் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்குள் இறந்தனர். பின்வந்த அறுபது ஆண்டுகள் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையமே இம்மருந்துக்கு மூலமாக இருந்தது. எனவே மருந்தின் அளவு இறைச்சிக் கூடங்களைச் சார்ந்திருந்தது. சிலருக்கு விலங்கு இன்சுலினால் ஒவ்வாமையும் ஏற்பட்டது.

1978 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனென்டெக் நிறுவனமும் சிட்டி ஆஃப் ஹோப் ஆய்வு மையமும் வேதிமுறையில் தொகுத்த மரபணுக்களை எசரிக்கியா கோலை பாக்டீரியாவில் செலுத்தி மனித இன்சுலினை உருவாக்கின. எலி லில்லி நிறுவனம் தயாரித்த இம்மருந்துக்கு 1982 அக்டோபரில் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது.

தயாரிப்பு முறை

முதலில் இரு சங்கிலிகளும் தனித்தனிப் பாக்டீரியாக்களில், வேறொரு பெரிய புரதத்துடன் ஒட்டிய நிலையில் உருவாக்கப்பட்டன. பின்னர் சயனோசன் புரோமைடு என்னும் வேதிப்பொருளால் அவை வெட்டிப் பிரிக்கப்பட்டன. இப்பொருள் மெத்தியோனின் உள்ள இடத்தில் மட்டுமே வெட்டும். இன்சுலினில் மெத்தியோனின் இல்லாததால் அதன் சங்கிலிகள் சிதையாமல் கிடைத்தன. அதன் பின்னர் இரண்டும் இணைக்கப்பட்டன. பிற்காலத்தில், முன்னோடிப் புரதத்தை ஒரே சங்கிலியாக உருவாக்கி நொதிகளால் வெட்டும் முறை வழக்கிற்கு வந்தது.

பாக்டீரியாவினுள் இப்புரதம் கரையாத திரளாகத் தங்கிவிடும். அதைக் கரைத்து மீண்டும் சரியான வடிவில் மடிக்க வேண்டும். ஈஸ்ட், புரதத்தைச் சரியாக மடித்து வளர்ப்பு ஊடகத்திற்குள் வெளிவிடுவதால் பிரித்தெடுப்பது எளிதாகிறது.

இந்தியாவில்

2003 ஆம் ஆண்டில் வோக்கார்டு நிறுவனமும், 2004 ஆம் ஆண்டில் பெங்களூரைச் சேர்ந்த பயோகான் நிறுவனமும் தாம் தயாரித்த மறுசேர்க்கை மனித இன்சுலினை இந்தியச் சந்தையில் அறிமுகப்படுத்தின. பயோகான் பிக்கியா பாஸ்டோரிஸ் என்னும் ஈஸ்ட்டைப் பயன்படுத்துகிறது. மெத்தனாலை உணவாகக் கொள்ளக்கூடிய இவ்வீஸ்ட்டில், மெத்தனால் சேர்க்கப்படும்போது செலுத்தப்பட்ட மரபணு இயங்கத் தொடங்குமாறு அமைக்க இயலும். உள்நாட்டு உற்பத்தி, இறக்குமதியை மட்டுமே நம்பியிருந்த நிலையை மாற்றியது. முதல் வகை நீரிழிவு நோயாளிக்கு இன்சுலின் வாழ்நாள் முழுவதும் தேவை என்பதால் அதன் விலை உயிர்ப் பிரச்சினையாகும்.

ஆய்வகப் பயன்பாடு

உடலுக்கு வெளியே வளர்க்கப்படும் பல உயிரணுக்கள் பெருகுவதற்கு இன்சுலின் துணைபுரிகிறது. விலங்குக் குருதிநீர் சேர்க்காத ஊடகங்களில் டிரான்ஸ்பெரின், செலினியம் ஆகியவற்றுடன் இதுவும் சேர்க்கப்படுகிறது. வழக்கமான அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 5 முதல் 10 மைக்ரோகிராம் ஆகும். ஆய்வுக்கு மட்டும் என்று குறிக்கப்பட்ட இன்சுலின், மருந்துக்குரிய நுண்ணுயிர் நீக்கம், நச்சுச் சோதனை ஆகியவற்றுக்கு உட்பட்டதாகக் கொள்ள முடியாது. ஆகையால், அமினோ அமில வரிசை ஒன்றாக இருப்பினும் அதை மனிதருக்குச் செலுத்துதல் கூடாது.

பாதுகாப்பும் அளவும்

திறக்காத இன்சுலின் புட்டிகளை 2 முதல் 8 பாகை செல்சியசு வெப்பநிலையில் வைக்க வேண்டும். உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது. கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் வட்டாரத்தில் கோடைக்காலப் பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டுவது வழக்கம். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில் ஈர மணலில் வைத்த மண்பானை ஓரளவு குளிர்ச்சி தரும்.

இந்தியாவில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு, 100 அலகு என இரு செறிவுகளில் இன்சுலின் கிடைக்கிறது. 40 அலகு ஊசிக்குழலின் மூடி சிவப்பு நிறத்திலும், 100 அலகு ஊசிக்குழலின் மூடி ஆரஞ்சு நிறத்திலும் இருக்கும். 40 அலகு ஊசிக்குழலில் 100 அலகு மருந்தை எடுத்தால் தேவையானதைப் போல் 2.5 மடங்கு இன்சுலின் உடலில் சேரும். இதனால் குருதிச் சர்க்கரை அளவு மிகவும் தாழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.