வாழ்க்கைத்துணை வீசா தாமதமாகும்போது: காத்திருக்கும் காலத்தில் அறிந்திருக்க வேண்டியவை

திருமணம் நிறைவேறி, விண்ணப்பமும் கட்டணமும் செலுத்தப்பட்டு, ஓராண்டு கடந்த பின்னரும் வீசா வரவில்லை என்ற கவலையுடன் நகரசபைச் சேவை மேசைக்கு வரும் தமிழ் பேசும் குடியிருப்பாளர்கள் பலர். “எம்பசியில் கோப்பு எங்கே கிடக்கிறதோ தெரியவில்லை” என்பதே அவர்கள் பெரும்பாலும் கூறும் முதல் வாக்கியம். கோப்பை விரைவுபடுத்தும் அதிகாரம் நகரசபைக்கு இல்லை. ஆயினும், காத்திருக்கும் காலத்தில் செய்ய வேண்டியவையும் செய்யக் கூடாதவையும் உள்ளன. அவற்றைத் தமிழில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இது பொதுத் தகவல் மட்டுமே. சட்ட ஆலோசனை அன்று.

தாமதம் மறுப்பு அன்று

வெளிநாட்டில் வாழும் கணவன், மனைவி அல்லது நடைமுறைத் துணைவருக்கான வீசா இரு படிகளைக் கொண்டது. முதலாவது உட்பிரிவு 309 என்ற தற்காலிக வீசா. இரண்டாவது உட்பிரிவு 100 என்ற நிரந்தர வீசா. இரண்டுக்கும் ஒரே வேளையில் விண்ணப்பித்து, ஒரே முறை கட்டணம் செலுத்துகிறோம். அக்கட்டணம் இன்று 9,000 டாலருக்கும் அதிகம்.

நிரந்தர வீசாவுக்கான 2 ஆண்டுக் காலம், 309 வீசா கிடைத்த நாளிலிருந்து அன்றி, விண்ணப்பம் செய்த நாளிலிருந்தே கணக்கிடப்படுகிறது. ஆகவே முதற்படியில் காத்திருந்த மாதங்கள் முற்றாக வீணாவதில்லை.

1958ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம், வேறு பல வீசாக்களுக்கு ஆண்டுதோறும் உச்சவரம்பு விதிக்க அமைச்சருக்கு அதிகாரம் அளிக்கிறது. ஆனால் அந்த உச்சவரம்பைக் காட்டி வாழ்க்கைத்துணைவரின் வீசாவைத் தடுக்க முடியாது என்று 87ஆம் பிரிவு கூறுகிறது. எனினும் ஒவ்வொரு ஆண்டும் இத்தனை இடங்கள் என்று அரசாங்கம் வகுத்த திட்ட அளவுகளால் விண்ணப்பங்கள் நீண்டகாலம் தேங்கின. தேக்கத்தைக் குறைப்பதற்காக 2020–21 இல் 72,300 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 2022–23 முதல் இவ்வீசா தேவைக்கேற்ப வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டுக்குக் குறிக்கப்பட்ட 40,500 என்பது ஒரு மதிப்பீடே தவிர எல்லை அன்று.

உள்துறைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் காணப்படும் பரிசீலனைக் காலங்கள், ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்ட விண்ணப்பங்கள் எடுத்துக்கொண்ட காலத்தைக் காட்டுவன. உங்கள் விண்ணப்பம் அக்காலத்துக்குள் முடிவாகும் என்ற வாக்குறுதி அவற்றில் இல்லை. அதேபோல், அக்காலம் கடந்துவிட்டமை மறுப்புக்கான அறிகுறியும் அன்று.

கோப்பு எங்கே இருக்கிறது?

விண்ணப்பம் இன்று ‘இம்மி அக்கவுண்ட்’ என்ற இணையக் கணக்கின் வழியாகவே செய்யப்படுகிறது. ஆவணங்களும் அதன் வழியாகவே சேர்க்கப்படுகின்றன. ஆகையால் யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ உறவினரைக் கொழும்பு உயர்ஸ்தானிகராலயத்துக்கு அனுப்பி விசாரிப்பதால் பயன் கிடைப்பதில்லை. சென்னையிலிருந்து புது தில்லிக்குச் செல்வதும் அவ்வாறே. அந்தப் பயணச் செலவைச் சேமித்து, இணையக் கணக்கையும் அதற்குரிய மின்னஞ்சலையும் வாரம் ஒருமுறை தவறாமல் பாருங்கள். மேலதிக ஆவணம் கோரும் கடிதத்துக்கு உரிய காலத்தில் பதில் அளிக்கவில்லை எனில், கையிலுள்ள தகவல்களை மட்டும் கொண்டு தீர்மானம் எடுக்கப்படலாம்.

படகில் வந்தவர்களின் குடும்பங்கள்

மேற்கு சிட்னியிலும் மெல்பேர்ணின் டண்டினோங் பகுதியிலும் வாழும் நம்மவர் பலருக்கு இத்தாமதம் ஆண்டுகளில் அன்றி, பத்தாண்டுக் கணக்கில் நீண்டது. அதற்குக் காரணம் உண்டு. கடல்வழியாக அனுமதியின்றி வந்தவர்கள் குடியுரிமை பெறாத நிலையில் அனுசரணை வழங்கிய குடும்ப வீசா விண்ணப்பங்கள், அமைச்சரின் பணிப்புரைகளால் வரிசையின் கடைநிலையில் வைக்கப்பட்டன. 2018 டிசம்பரில் வெளியான 80ஆம் இலக்கப் பணிப்புரை அவற்றுள் ஒன்று.

2023 பெப்ரவரியில் வந்த 102ஆம் இலக்கப் பணிப்புரை, நிரந்தர வீசா உடைய அனுசரணையாளர்களை அக்கடைநிலையிலிருந்து விடுவித்தது. அதே மாதத்தில், தற்காலிகப் பாதுகாப்பு வீசாவிலும் பாதுகாப்பான புகலிடத் தொழில் வீசாவிலும் இருந்த சுமார் 19,000 பேர் உட்பிரிவு 851 என்ற நிரந்தர வீசாவுக்கு மாற வழி திறக்கப்பட்டது. தற்காலிக வீசாவில் இருந்தவரை குடும்பத்தினருக்கு அனுசரணை வழங்க இயலாதிருந்தவர்கள், நிரந்தர வீசா பெற்றதும் அந்த உரிமையைப் பெற்றனர். “எங்களுக்கு வழியில்லை” என்று முன்னொருகால் கூறப்பட்டதை இன்றும் நம்பியிருப்பவர்கள் இலவசச் சட்ட உதவி நிலையம் ஒன்றில் மீண்டும் விசாரிக்க வேண்டும்.

காத்திருக்கும் காலமும் சான்றே

இக்கட்டுரையில் ஒரு செய்தியை மட்டும் நினைவிற்கொள்வதாயின், அது இதுவாக இருக்கட்டும்: உங்கள் உறவு விண்ணப்பித்த நாளில் மட்டும் அன்றி, தீர்மானம் எடுக்கப்படும் நாளிலும் மதிப்பிடப்படுகிறது. ஆகவே 2 ஆண்டுகளுக்கு முன் அனுப்பிய திருமணப் படங்களோடு கோப்பு நின்றுவிட்டால், இடைப்பட்ட காலத்தில் உறவு எவ்வாறு இருந்தது என்பதற்குச் சான்று இல்லாமற்போகும்.

சட்டத்தின் 5எஃப் பிரிவு, திருமணம் செல்லுபடியானதாக இருத்தல், பிறரை விலக்கிய பரஸ்பர அர்ப்பணம், உறவு உண்மையானதும் தொடர்வதுமாக இருத்தல், ஒன்றாக வாழ்தல் ஆகியவற்றை எதிர்பார்க்கிறது. ஒன்றாக வாழாவிடினும், நிரந்தரமாகப் பிரிந்து வாழாதிருத்தல் போதுமானது. இலங்கைத் தமிழரிடையே ‘எழுத்து’ முதலில் நடந்து, தாலி கட்டும் வரை மணமக்கள் தத்தம் வீடுகளில் இருப்பது வழக்கம். இதை அதிகாரி அறிந்திருப்பார் என்று கருதிவிடாமல், ஒரு கடிதத்தில் எழுதி விளக்குங்கள். நடைமுறைத் துணைவர் தொடர்பான வழக்கொன்றில், இருவரும் முன்னர் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று 2015 இல் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது.

பொருளாதாரம், இல்லற ஏற்பாடு, சமூக அங்கீகாரம், அர்ப்பணம் என்ற 4 கோணங்களில் உறவு ஆராயப்படும். அவற்றுக்கு ஏற்பப் பின்வருவனவற்றை மாதந்தோறும் ஒரு கோப்பில் சேர்த்து வாருங்கள்:

• பணம் அனுப்பிய பற்றுச்சீட்டுகள். உண்டியல் வழியாக அனுப்பும் பணத்துக்குச் சான்று இராது. வங்கி வழியாகவோ பதிவு பெற்ற நிறுவனத்தின் வழியாகவோ அனுப்புங்கள்.
• தொலைபேசி, வாட்ஸ்அப் அழைப்புப் பதிவுகள். அந்தரங்க உரையாடல்களை முழுமையாகச் சமர்ப்பிக்க வேண்டியதில்லை. மாதத்துக்குச் சில பக்கங்கள் போதும்.
• பயணச்சீட்டுகள், தங்கிய இடத்தின் பற்றுச்சீட்டுகள், இருவரும் உறவினரோடு இருக்கும் படங்கள்.
• ஓய்வூதிய நிதியிலும் உயில் பத்திரத்திலும் துணைவரின் பெயர் குறிக்கப்பட்டதற்கான ஆவணம்.
• உங்கள் உறவை நேரில் அறிந்தவர்கள் படிவம் 888 இல் எழுதிய கூற்றுகள்.

பொலிஸ் நற்சான்றிதழும் மருத்துவப் பரிசோதனையும் பொதுவாக 12 மாதங்களுக்கே ஏற்றுக்கொள்ளப்படும். தாமதம் நீண்டால் மீண்டும் கோரப்படலாம். அதற்கான செலவை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

மாற்றங்களை மறைக்காதீர்கள்

முகவரி, கடவுச்சீட்டு, தொழில், குழந்தைப்பேறு, பிரிவு எதுவாயினும், விண்ணப்பத்தில் கூறியது மாறிவிட்டால் அதை அறிவிப்பது சட்டக் கடமை. தவறான தகவலோ போலி ஆவணமோ கண்டறியப்பட்டால், விண்ணப்பம் மறுக்கப்படுவதோடு 3 ஆண்டுத் தடையும் விதிக்கப்படலாம். விண்ணப்பத்தில் பிழை நேர்ந்திருந்தால், அதிகாரி கண்டுபிடிக்குமுன் நீங்களே எழுதித் திருத்துவது நன்று.

காத்திருக்கும் காலத்தில் வெளிநாட்டில் குழந்தை பிறந்தால், அனுசரணையாளர் ஆஸ்திரேலியக் குடிமகனா அல்லது நிரந்தரவாசியா என்பது முக்கியம். குடிமகன் எனில், வம்சாவளிக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இடமுண்டு. நிரந்தரவாசி எனில், தீர்மானம் வருமுன் குழந்தையைத் துணைவரின் விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டும்.

நேரில் சந்திப்பது

துணைவர் வருகை வீசாவுக்கு விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் என்ற உறுதி இல்லை. கிடைத்தால் நிபந்தனைகளை வாசித்து அறியுங்கள். 8503 என்ற நிபந்தனை இருப்பின், இங்கிருந்தபடி வேறு வீசாவுக்கு விண்ணப்பிப்பது பெரும்பாலும் இயலாது. 309 வீசாவுக்கு விண்ணப்பிக்கும்போது துணைவர் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருக்க வேண்டும். ஆனால் 2023 நவம்பர் 25 முதல், அவர் இங்கே தங்கியிருக்கும்போதும் அவ்வீசாவை வழங்க முடியும்.

பாதுகாப்பு வீசா உடையவர்கள் துணைவரைக் காணத் தாய்நாட்டுக்குச் செல்லுமுன் கட்டாயம் சட்ட ஆலோசனை பெறுங்கள். வீசா நிபந்தனைகள் அப்பயணத்தைத் தடுக்கக்கூடும். இலங்கையிலிருந்து வந்த சிலர் இக்காரணத்தால் தமிழ்நாட்டிலோ வேறொரு மூன்றாம் நாட்டிலோ சந்திக்கின்றனர்.

விசாரிக்கவும் முறையிடவும் உரிய வழிகள்

முதலில் திணைக்களத்துடன் தொடர்புகொள்ளுங்கள்: 131 881. ஆங்கிலம் சிரமமாயின், 131 450 என்ற எண்ணில் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேளுங்கள். கடும் நோய், கர்ப்பம் போன்ற அவசரச் சூழ்நிலை இருப்பின், மருத்துவச் சான்றுடன் எழுத்தில் தெரிவியுங்கள். முன்னுரிமை உங்கள் உரிமை அன்று; ஆயினும் ஆவணத்தோடு கேட்பதில் தவறில்லை.

திணைக்களத்திடம் முறைப்பாடு செய்தும் பயனில்லையெனில், பொதுநலவாய ஒம்புட்ஸ்மனிடம் செல்லலாம்: 1300 362 072. அவரால் வீசா வழங்க முடியாது. தாமதம் நியாயமானதா என்று ஆராய முடியும். உங்கள் தொகுதியின் கூட்டாட்சி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகமும் திணைக்களத்திடம் விசாரிக்கும். இச்சேவைகளுக்குக் கட்டணம் இல்லை.

இறுதி வழி நீதிமன்றம். தீர்மானம் எடுக்குமாறு கட்டளையிட நீதிமன்றத்தால் முடியும். வீசா வழங்குமாறு கட்டளையிடுவது அதன் பணி அன்று. 2016 இல், குடியுரிமைக்குக் காத்திருந்த அகதிகள் இருவரின் வழக்கில், தாமதம் நியாயமற்றது என்று கூட்டாட்சி நீதிமன்றம் கண்டது. ஆனால் தோற்றால் எதிர்த்தரப்பின் செலவையும் ஏற்க நேரிடலாம் என்பதால், வழக்கறிஞரின் அறிவுரையின்றி இறங்க வேண்டாம்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால், 2024 அக்டோபர் 14 முதல் இயங்கும் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்தை நாடலாம். துணைவர் வெளிநாட்டில் இருக்கையில் 309 மறுக்கப்பட்டால், மேன்முறையீடு செய்ய வேண்டியவர் இங்குள்ள அனுசரணையாளரே. மறுப்புக் கடிதத்தில் குறிக்கப்பட்ட காலக்கெடு நீட்டிக்கப்பட மாட்டாது. கடிதம் கிடைத்த அன்றே அதை எடுத்துக்கொண்டு சட்ட உதவியை நாடுங்கள்.

“உள்ளே ஆள் இருக்கிறது” என்பவர்களிடம் எச்சரிக்கை

கட்டணம் பெற்றுக் குடிவரவு ஆலோசனை வழங்கப் பதிவு பெற்ற முகவருக்கும் வழக்கறிஞருக்கும் மட்டுமே சட்டம் இடமளிக்கிறது. முகவரின் பதிவெண்ணைக் கேட்டு, குடிவரவு முகவர் பதிவு அதிகாரசபையின் இணையத்தளத்தில் சரிபாருங்கள். எந்த முகவராலும் வரிசையை மாற்ற முடியாது. கோப்பை நகர்த்தித் தருவதாகக் கூறிப் பணம் கேட்பவர் உங்கள் பணத்தை மட்டும் அன்றி, விண்ணப்பத்தையும் கெடுக்கக்கூடும். நகரசபை மொழிபெயர்ப்பாளர் உங்கள் கடிதத்தின் பொருளைத் தமிழில் கூறலாம். எவ்வாறு பதில் எழுத வேண்டும் என்று அறிவுரை கூற இயலாது.

இலவச உதவிக்கு: நியூ சவுத் வேல்ஸில் லீகல் எய்ட் 1300 888 529, விக்டோரியாவில் விக்டோரியா லீகல் எய்ட் 1300 792 387. சிட்னியில் குடிவரவு ஆலோசனை மற்றும் உரிமைகள் மையமும், மெல்பேர்ணில் ரெஃப்யூஜி லீகலும் இத்துறையில் இயங்குகின்றன.

மனச்சுமையும் ஒரு தேவையே

“இன்னும் போகவில்லையா?” என்று ஊரில் ஒவ்வொரு விசேஷத்திலும் கேட்கப்படுவது மனைவியை, “இன்னும் கூப்பிடவில்லையா?” என்று இங்கே கேட்கப்படுவது கணவனை. இருவரும் தத்தம் வேதனையை மற்றவருக்கு மறைத்து, பின்னர் ஒருவரையொருவர் குறைகூறத் தொடங்குகின்றனர். விண்ணப்பத்தில் என்ன நடக்கிறது என்பதை இருவரும் சமமாக அறிந்திருப்பது அந்த ஐயத்தைப் பெரிதும் குறைக்கும். கடிதங்களின் பிரதிகளை இருவரும் வைத்திருங்கள்.

சிட்னிக்கும் மெல்பேர்ணுக்கும் கொழும்பு, சென்னை ஆகியவற்றுக்கும் இடையே நான்கரை மணி நேர வேறுபாடு; கோடைகால நேரமாற்றத்தில் ஐந்தரை. இரவுப் பணி செய்பவர்கள் வாரத்தில் இரு நாட்களையேனும் பேசுவதற்கென நிச்சயித்துக்கொள்ளுங்கள். அவற்றுள் ஒன்றில் வீசாவைப் பற்றிப் பேசாதிருங்கள். துணைவர் அங்கே படிப்பையோ தொழிலையோ நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆங்கிலப் பயிற்சியை இப்போதே தொடங்கலாம்.

உறக்கமின்மை, மனச்சோர்வு, வாழ்வில் வெறுப்பு ஆகியவை தோன்றினால் குடும்ப மருத்துவரிடம் கூறுங்கள். லைஃப்லைன் 13 11 14 எந்நேரமும் இயங்கும். போரிலும் சித்திரவதையிலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு நியூ சவுத் வேல்ஸில் ஸ்டார்ட்ஸ், விக்டோரியாவில் ஃபவுண்டேஷன் ஹவுஸ் ஆகிய சேவைகள் உள்ளன.

துணைவர் வந்து சேர்ந்ததும்

309 வீசாவுடன் வருபவர் மெடிகேரில் பதிவு செய்யலாம். வயதுவந்த குடிவரவாளர்களுக்கான இலவச ஆங்கில வகுப்புகளிலும் சேரலாம். இரண்டாம் படியான நிரந்தர வீசா இன்னும் எஞ்சியிருப்பதால், சான்றுகள் சேர்க்கும் பழக்கத்தை அதுவரை விடாதீர்கள். இக்கட்டுரையில் கூறப்பட்ட ஏதேனும் விளங்காவிடின், கையிலுள்ள கடிதங்களுடன் நகரசபைச் சேவை மேசைக்கு வந்து, தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.