ஐஸ் ஹாக்கி: தலையில் விழும் இரண்டாவது அடி

2011 ஜனவரி 1, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம். வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கித் தொடரான என்.எச்.எல்.லின் புத்தாண்டு ஆட்டம், திறந்தவெளி மைதானத்தில். மழை காரணமாக ஆட்டத்தை இரவுக்குத் தள்ளிவைத்திருந்தார்கள். இரண்டாம் பகுதி முடியப்போகும் நேரம். பிட்ஸ்பர்க் அணித் தலைவர் சிட்னி கிராஸ்பி, பக் போன திசையைப் பார்த்தபடி திரும்புகிறார். பந்துக்குப் பதிலாக இந்த ஆட்டத்தில் அடிக்கப்படும் தட்டையான ரப்பர் வில்லைதான் பக். அதே நொடியில் குறுக்கே வந்த வாஷிங்டன் வீரர் டேவிட் ஸ்டெக்கலின் தோள் கிராஸ்பியின் தலையில் இடித்தது. விழுந்தார். மெல்ல எழுந்து, குனிந்தபடியே ஓரத்துக்குச் சறுக்கிப் போனார். இடைவேளை முடிந்ததும் மூன்றாம் பகுதியில் மறுபடி ஆடினார்.

ஜனவரி 5 அன்று அடுத்த ஆட்டம். டாம்பா பே அணியின் விக்டர் ஹெட்மன் அவரைத் தளத்தைச் சுற்றியுள்ள தடுப்புச் சுவரோடு சேர்த்து இடித்தார். பார்த்தவர்களுக்கு அது பெரிய இடியாகத் தெரியவில்லை. லேசான மூளையதிர்ச்சிதான், ஒரு வாரம் ஓய்வு போதும் என்று சொல்லப்பட்டது. கிராஸ்பிக்கு அப்போது 23 வயது. அந்தப் பருவத்தில் 41 ஆட்டங்களில் 32 கோல் அடித்திருந்தார். அவர் மீண்டும் களமிறங்கியது நவம்பர் 21ஆம் தேதி, பத்து மாதங்கள் கடந்த பிறகு. எட்டே ஆட்டங்களில் அறிகுறிகள் திரும்பின. மறுபடி மார்ச் மாதம் வரை விலகியிருந்தார்.

உலகின் தலைசிறந்த வீரர், வசதிக்குக் குறைவில்லாத அணி, பக்கத்திலேயே மருத்துவர்கள். அவருக்கே இந்த நிலை. தலையில் அடிபட்டவரை அன்றே மறுபடி ஆட விடக்கூடாது என்ற ஒரே பாடத்தை இந்த விளையாட்டு எவ்வளவு பெரிய விலை கொடுத்துக் கற்றது, இன்னும் எந்த அளவுக்குக் கற்கவில்லை என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

மண்டைக்குள் என்ன நடக்கிறது?

மூளை மண்டையோட்டோடு இறுகக் கட்டப்பட்ட உறுப்பு அல்ல. அதைச் சுற்றித் திரவம் இருக்கிறது. ஓடும் பஸ்ஸில் டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர்கள் முன்னால் போய் விழுவார்கள் அல்லவா? வேகமாகப் போகும் தலை சட்டென்று நிற்கும்போது மூளைக்கும் அதுதான் நடக்கிறது. தலை திருகிக்கொண்டு திரும்பினால் இன்னும் மோசம். மெல்லிய நரம்பிழைகள் இழுபட்டு முறுக்கிக்கொள்கின்றன. ஐஸ் ஹாக்கியில் ஆட்கள் மணிக்கு 30 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் சறுக்குகிறார்கள். எதிரியை உடலால் மோதித் தடுப்பது அங்கே தவறு அல்ல, ஆட்டத்தின் ஒரு அங்கம். எனவே தலை இப்படி உலுக்கப்படுவதற்கு வாய்ப்பு மிக அதிகம்.

உலுக்கலுக்குப் பிறகு நரம்புச் செல்களில் உப்புகளின் சமநிலை குலைந்துபோகிறது. பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது. அதைச் சரிசெய்யச் செல்களுக்கு வழக்கத்தைவிட அதிகச் சக்தி வேண்டும். ஆனால் அதே நேரத்தில் மூளைக்கு வரும் ரத்த ஓட்டமோ குறைந்திருக்கிறது. தேவை கூடி, வரத்து குறைந்த இந்தக் காலம் சில நாட்களும் நீளலாம், சில வாரங்களும் நீளலாம். அதற்குள் இன்னொரு அடி விழுந்தால், சாதாரணமாகத் தாங்கக்கூடிய அடியைக்கூட மூளையால் தாங்க முடியாது. இளம் வயதினரில் அரிதாக, முதல் அடி ஆறுவதற்குள் விழும் இரண்டாவது அடியால் மூளை கட்டுக்கடங்காமல் வீங்கி உயிரே போயிருக்கிறது.

சி.டி. ஸ்கேனில் மூளையதிர்ச்சி தெரியாது. ரத்தக்கசிவோ எலும்பு முறிவோ இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஸ்கேன் எடுக்கிறார்கள். "ஸ்கேன் நார்மல்" என்றால் மூளையதிர்ச்சி இல்லை என்று பொருள் கொண்டுவிடக் கூடாது. மயக்கம் போட்டு விழுந்தால்தான் மூளையதிர்ச்சி என்ற நம்பிக்கையும் தவறு. பெரும்பாலோருக்கு நினைவு தப்புவதே இல்லை.

ஹெல்மெட் போதுமா?

1968 ஜனவரி 13. மினசோட்டா அணியின் பில் மாஸ்டர்டன் மோதலில் நிலைகுலைந்து பின்பக்கமாக விழுந்தார். தலை பனித்தளத்தில் மோதியது. இரண்டாம் நாள் இறந்துபோனார். வயது 29. அன்று பெரும்பாலான வீரர்களைப் போல அவரும் ஹெல்மெட் அணிந்திருக்கவில்லை. அதன் பிறகும் பதினோரு ஆண்டுகள் கழித்துத்தான், 1979இல், புதிதாகச் சேரும் வீரர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமானது. பழைய வீரர்களுக்கு விலக்கு இருந்ததால், ஹெல்மெட் இல்லாமல் ஆடிய கடைசி வீரரான கிரேக் மெக்டாவிஷ் ஓய்வுபெற்றது 1997இல்தான்.

ஹெல்மெட் மண்டையோடு உடைவதைத் தடுக்கும். தலைக்காயத்தால் வரும் சாவைக் குறைக்கும். அதற்காகவே அதைக் கட்டாயம் அணிய வேண்டும். ஆனால் உள்ளே மூளை அசைவதை அதனால் நிறுத்த முடியாது. விலை உயர்ந்த ஹெல்மெட் வாங்கிக் கொடுத்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று நிம்மதியடையும் பெற்றோருக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தாமதமாக வந்த விதிகள்

எரிக் லிண்ட்ராஸ் தொண்ணூறுகளின் மாபெரும் வீரர். அவருடைய தம்பி பிரெட், தொடர் மூளையதிர்ச்சிகளால் 1996இல் இருபது வயதிலேயே ஆட்டத்தை விட்டுப் போனவர். 2000 மே 26 அன்று எரிக் தலையைக் குனிந்தபடி பக்கை எடுத்துச் சென்றபோது, நியூ ஜெர்சியின் ஸ்காட் ஸ்டீவன்ஸ் தோளால் அவர் தலையில் மோதினார். அடித்தவருக்கு எந்தத் தண்டனையும் இல்லை. அன்றைய விதியில் அது சரியான மோதல். தலையைக் குனிந்தவன் மீதுதான் தவறு என்பதே அப்போதைய பேச்சு.

அந்த மனநிலை அசைய இன்னும் பத்தாண்டு ஆனது. 2010 மார்ச் 7 அன்று பாஸ்டன் அணியின் மார்க் சவார்ட், பக்கவாட்டிலிருந்து வந்த மாட் குக்கின் தாக்குதலில் நினைவிழந்து தளத்தில் கிடந்தார். தடை செய்ய விதியே இல்லை என்பதால் குக்குக்கு ஓர் ஆட்டம்கூடத் தடை விழவில்லை. பார்வைக்கு எட்டாத பக்கத்திலிருந்து தலையைக் குறிவைப்பதைத் தடைசெய்யும் விதி அதே மாதம் வந்தது. சவார்ட் திரும்பி வந்தார். 2011 ஜனவரியில் இன்னொரு மோதலோடு அவருடைய ஆட்ட வாழ்க்கையே முடிந்துவிட்டது. குக் எந்த அணி வீரர் தெரியுமா? பிட்ஸ்பர்க். கிராஸ்பியின் சக வீரர். பத்து மாதத்தில் அதே ஆபத்து அவர்களுடைய தலைவரையே தேடி வந்தது.

கிராஸ்பி வெளியே உட்கார்ந்திருந்த 2011 மார்ச் மாதத்தில்தான், சந்தேகம் எழுந்தாலே வீரரைப் பெஞ்சிலிருந்து அழைத்துப்போய், இரைச்சல் இல்லாத அறையில் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்ற நடைமுறை வந்தது. அதுவரை, பல்லாயிரம் பேரின் கூச்சலுக்கு நடுவே, பெஞ்சில் வைத்தே, "நல்லாத்தானே இருக்கே?" என்ற அளவில் பல சோதனைகள் முடிந்துபோயின. எந்த வீரர் "இல்லை" என்று சொல்வார்? இடம் போய்விடும், ஒப்பந்தம் போய்விடும், தோழர்கள் கோழை என்பார்கள். அடிபட்ட மூளையிடமே அடிபட்டதா என்று தீர்ப்புக் கேட்பது எவ்வளவு பெரிய அநியாயம்! 2016-17 பருவத்திலிருந்து நியூயார்க்கில் அமர்ந்து எல்லா ஆட்டங்களையும் திரையில் கவனிக்கும் கண்காணிப்பாளர்களுக்கு, வீரரை வெளியேற்றிச் சோதிக்கச் சொல்லும் அதிகாரம் தரப்பட்டது. இத்தனை மாற்றங்களில் ஆகச் சிறந்தது இதுதான் என்பேன். வெற்றி தோல்வியில் பங்கில்லாத ஒருவர் கையில் முடிவு போனது.

சண்டைக்காரர்கள்

கையுறையைக் கழற்றிவிட்டு வீரர்கள் குத்திக்கொள்வது என்.எச்.எல்.லில் இன்றும் ஐந்து நிமிடத் தண்டனையோடு முடிந்துவிடுகிறது. ஒரு காலத்தில் அதற்கென்றே அணிகள் ஆள் வைத்திருந்தன. டெரக் பூகார்ட் அப்படிப்பட்டவர். ஆறடி ஏழங்குல உயரம். 277 ஆட்டங்களில் அடித்தது மூன்றே கோல். 2010 டிசம்பரில் ஒரு சண்டையில் விழுந்தவர் பிறகு ஆடவே இல்லை. அடுத்த மே மாதம், வலி மாத்திரையும் மதுவும் கலந்ததில், 28 வயதில் இறந்தார். குடும்பத்தார் அவருடைய மூளையைப் பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுக்குக் கொடுத்தார்கள். அங்கே கண்டறியப்பட்டது சி.டி.இ. என்ற நோய்.

திரும்பத் திரும்ப அடிபட்ட மூளையில் டவ் என்ற புரதம் இயல்பு மாறித் தேங்கி, ஆண்டுக்கணக்கில் செல்களை அழிக்கும் நோய் இது. மறதி, எரிச்சல், மனச்சோர்வு, கடைசியில் மூளைத் தேய்வு. உயிரோடு இருக்கும்போது இதை உறுதியாகக் கண்டறிய இன்றுவரை வழியில்லை. 2024இல் வெளியான பாஸ்டன் ஆய்வில், ஐஸ் ஹாக்கி ஆடிய 77 ஆண்களின் மூளையைப் பார்த்தார்கள். கூடுதலாக ஆடிய ஒவ்வோர் ஆண்டுக்கும் இந்நோய் இருக்கும் வாய்ப்பு 34 சதவீதம் உயர்ந்திருந்தது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தொந்தரவு இருந்தவர்களின் குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் செய்கின்றன. ஆகவே ஆடிய எல்லோருக்கும் இது வரும் என்று இதை வைத்துச் சொல்லக்கூடாது. ஆடிய ஆண்டுகள் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது என்ற செய்தியை மட்டும் ஒதுக்க முடியாது.

தங்களிடம் ஆபத்தை மறைத்துவிட்டார்கள் என்று ஓய்வுபெற்ற வீரர்கள் லீக்மீது தொடுத்த வழக்கு, 2018இல் 1 கோடியே 89 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. லீக் எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஹாக்கிக்கும் சி.டி.இ.க்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்பதே லீக் ஆணையர் கேரி பெட்மன் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் பதில். அடுத்த தலைமுறையின் மூளையைப் பணயம் வைத்து முழு நிரூபணத்துக்குக் காத்திருப்பது பொறுப்பான செயல் அல்ல. கனடாவின் கியூபெக் மாகாண இளையோர் லீக் 2023இல் சண்டை போட்டவரை அந்த ஆட்டத்திலிருந்தே வெளியேற்றும் விதியைக் கொண்டுவந்தது. ஆட்டம் ஒன்றும் செத்துப்போய்விடவில்லை.

பிள்ளைகள் ஆடும்போது

நல்ல செய்தி இளையோர் ஹாக்கியிலிருந்துதான் வருகிறது. பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு உடல் மோதலை அனுமதித்த கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தையும், அனுமதிக்காத கியூபெக்கையும் ஒப்பிட்ட ஆய்வு 2010இல் வெளிவந்தது. அனுமதித்த இடத்தில் மூளையதிர்ச்சி மூன்று மடங்குக்கும் மேல். 2011இல் அமெரிக்காவும், 2013இல் கனடாவும் அந்த வயதில் மோதலைத் தடைசெய்தன. 2023இல் வெளியான சர்வதேச நிபுணர் குழு அறிக்கை, இத்தகைய தடை ஆட்டங்களில் மூளையதிர்ச்சியை 58 சதவீதம் குறைப்பதாகவும், பல்காப்பு அணிவது 28 சதவீதம் குறைப்பதாகவும் சொல்கிறது. ஒரே ஒரு விதிக்கு இவ்வளவு பலன்!

அடிபட்டால் என்ன செய்வது?

தலையிலோ கழுத்திலோ உடம்பிலோ பலமாக இடிபட்ட பிள்ளை திகைத்து நின்றாலோ, தடுமாறினாலோ, கேட்டதையே திரும்பக் கேட்டாலோ, தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது என்று சொன்னாலோ, உடனே ஆட்டத்திலிருந்து வெளியே அழைத்துவந்துவிட வேண்டும். அன்று மறுபடி இறக்கவே கூடாது. ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டதாகப் பிள்ளை சொன்னாலும் சரிதான். அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டும். தலைவலி ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கைகால் மரத்துப்போவது, பார்வை இரண்டாகத் தெரிவது, கழுத்து வலி, எழுப்ப முடியாத தூக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். முதல் சில மணி நேரம் தனியே விடக்கூடாது.

இருட்டறையில் நாள்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டும் என்ற பழைய யோசனையை மருத்துவ உலகம் கைவிட்டுவிட்டது. முதல் 24 முதல் 48 மணி நேரம் அளவான ஓய்வு, மொபைல், டி.வி. பார்ப்பதைக் குறைப்பது, வீட்டுக்குள் நடமாடுவது. பிறகு மெதுவான நடை, சைக்கிள் எனப் படிப்படியாகக் கூட்டலாம். பயிற்சிக்குத் திரும்புவதிலும் ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் வேண்டும். உடல் மோதல் உள்ள பயிற்சிக்கு முன் மருத்துவரின் அனுமதி கட்டாயம். பிள்ளைகளுக்கு முழுதாகக் குணமாக நான்கு வாரம்வரை ஆகலாம். முதலில் பள்ளிப் படிப்புக்குத் தொந்தரவின்றித் திரும்பட்டும், ஆட்டம் அப்புறம்.

கனடாவின் ஒன்டாரியோவில் ரோவன் ஸ்டிரிங்கர் என்ற பதினேழு வயது மாணவி, 2013இல் ரக்பி ஆட்டங்களில் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டு இறந்தாள். அவள் பெயரால் 2018இல் அந்த மாகாணம் சட்டம் இயற்றியது. மூளையதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே ஆட்டத்திலிருந்து நீக்க வேண்டும் என்பது அங்கே இப்போது சட்டக் கடமை. ஆண்டுதோறும் இருபத்தாறு வயதுக்குக் குறைந்த வீரர்களும், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களின் பெற்றோரும் விழிப்புணர்வுக் குறிப்புகளைப் படித்து உறுதி தர வேண்டும். டொரொண்டோவிலும் ஸ்கார்பரோவிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். அந்தத் தாளை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அடிபட்ட பிள்ளையை வெளியேற்றுவது யார், திரும்ப அனுமதிப்பது யார் என்று பயிற்சியாளரிடம் நேராகக் கேளுங்கள். தெளிவான பதில் கிடைக்காவிட்டால் அந்தக் குழுவில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.